திருவாதிரை: ஒரு நட்சத்திரத்தின் முதுமை

மார்கழி மாதத்து முன்னிரவில் கீழ்வானத்திலே செவ்வொளி வீசி எழும் இத்தாரகை, சூரியனினும் பன்மடங்கு கனத்துடன் பிறந்தமையாலேயே அற்பாயுளை அடைந்தது என்பது முதற்பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றும். எரிபொருள் மிகுதிதான், ஆயினும் அப்பெரும் பாரத்தைத் தாங்கும் பொருட்டு மையத்தின் உஷ்ணம் மிக உயர்ந்து, அங்கிருந்த ஹைட்ரஜன் அதிவேகமாக ஹீலியமாகிவிட்டபடியால், 460 கோடி ஆண்டு கண்ட சூரியன் இன்னும் நடுவயதில் நிற்க, சுமார் ஒரு கோடி ஆண்டே ஆன திருவாதிரை அந்திம தசையை எய்திவிட்டது. மேனி பருத்துக் குளிர்ந்து சிவந்தது. சூரியன் இருக்குமிடத்தில் இதனை வைத்தால் செவ்வாயின் பாதையும் இதனுள் அடங்கிவிடும்.

2019 இறுதியில் இது மங்கலாயிற்று. அழிவு நெருங்கிற்றோ என்று உலகெங்கும் ஆவல் எழுந்தது. தான் உமிழ்ந்த தூசியே தன்னை மறைத்தது என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது.

ஹீலியத்துக்குப் பின் கரியும் பிராணவாயுவும் சிலிக்கனும் முறையே எரிந்து மையம் இரும்பாகும். இரும்பின் சேர்க்கையால் சக்தி பிறவாதாகையால், மையம் ஒரு வினாடிக்கும் குறைந்த பொழுதில் இடிந்து அமிழ, புறமேனி முழுதும் சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறும். அவ்வொளி பகலிலும் கண்ணுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் நிகழ்வதாகையால் பூமிக்கு அதனால் தீங்கில்லை.