குருதியற்ற வன்முறையும் அகவைச் சான்றும்: தமிழ் அறிவியல் புனைவுப் படங்களும் கல்வராயன் மலைச் சிறாரும்

கல்வராயன் மலைக்கு மேற்கே அமைந்த சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம், 1952இல் அமெரிக்கர்களுடன் இணைந்து ‘தி ஜங்கிள்’ என்னும் படத்தை உருவாக்கியது. தமிழில் ‘காடு’ எனப் பெயர் பெற்ற அப்படம், அழிந்துபோன சடையானைகள் இந்தியக் காட்டில் உயிருடன் உலவுவதாகக் கற்பித்தது. இந்தியத் திரைப்படச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். இவ்விணைவு தற்செயலானதே. எனினும் அறிவியல் புனைவில் இடம்பெறும் வன்முறையை அச்சட்டம் எந்த அளவுகோலால் அளக்கிறது என்னும் வினா இன்றும் எஞ்சியுள்ளது.

‘யு’, ‘ஏ’ என்னும் இருவகைச் சான்றுகள் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தோன்றின. பன்னிரண்டு அகவைக்குட்பட்டோருக்குப் பெற்றோர் வழிகாட்டலை வேண்டும் ‘யுஏ’ 1983இல் நடைமுறைக்கு வந்தது. கே. ஏ. அப்பாஸ் வழக்கில் (1970) உச்ச நீதிமன்றம், பிற கலைகளினும் திரைப்படம் உணர்வை ஆழமாகத் தாக்குவது என்பதைக் கருதி முன்தணிக்கையை ஏற்றது. 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், வன்முறையைப் போற்றவோ நியாயப்படுத்தவோ கூடாது என்றும், படத்தை அதன் முழுமையான தாக்கத்தை நோக்கியே மதிப்பிட வேண்டும் என்றும் கூறுகின்றன.

சங்கர் இயக்கிய ‘எந்திரன்’ (2010) இவ்வளவுகோலின் எல்லையைக் காட்டும் சான்றாகும். அதற்கு ‘யு’ சான்று வழங்கப்பட்டது. தான் படைத்த சிட்டியை வசீகரன் கோடரியால் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பைமேட்டில் எறிகிறான். மனித உடலாயின் இக்காட்சி எவ்வகைச் சான்றைப் பெற்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கம்பியும் உலோகமும் சிதறுவதால் அது சேதமாகக் கொள்ளப்படுகிறதேயன்றிக் கொடுமையாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் கதையோ, சிட்டிக்கு உணர்வு பிறந்துவிட்டது என்பதைப் பார்வையாளர் நம்பிய பின்னரே அவ்வெட்டை நிகழ்த்துகிறது. இறுதிப் பகுதியில் எந்திரங்கள் கோளமாய்ச் சேர்ந்து சுடும்போது காவலர் கூட்டமாக மடிகின்றனர். அங்கும் உயிரிழப்பு எண்ணிக்கையாகத் தோன்றுகிறதேயன்றி வலியாகத் தோன்றுவதில்லை. அப்படம் 2030ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில் பள்ளிச் சிறார் முன்னிலையில் முடிவதும் நோக்கத்தக்கது. தன் பார்வையாளர் யார் என்பதைப் படம் அறிந்தேயிருக்கிறது. இதன் தொடர்ச்சியான ‘2.0’ (2018) கைப்பேசிகள் மனிதரைக் கொல்வதைக் காட்டி ‘யுஏ’ பெற்றது.

சான்றுக்குப் பொருளாதார எடையும் சேர்ந்தது. தமிழ்ப் பெயருக்கு 2006 முதல் வழங்கப்பட்ட கேளிக்கை வரிவிலக்கிற்கு, 2011இல் ‘யு’ சான்றும் நிபந்தனையாயிற்று. சிறாரின் அகவைக்கான குறியீடு தயாரிப்பாளரின் கணக்கேட்டுக்குள் நுழைந்தது. குருதி தெறிக்கும் சில நொடிகளை நீக்கினால் வரி மிஞ்சும் என்னும் நிலையில், வன்முறையின் கருத்து தீண்டப்படாமலும் அதன் தோற்றம் மட்டும் தூய்மையாகவும் அமைவது இயல்பே. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் இவ்வேற்பாடு பொருளிழந்தது.

2023ஆம் ஆண்டுத் திருத்தம் ‘யுஏ’வை 7+, 13+, 16+ எனப் பகுத்தது. இக்குறிகள் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் வழிகாட்டுவன. அவர்களன்றிப் பிறர் இவற்றைச் செயற்படுத்த இயலாது. அதாவது, 13+ படத்திற்கு வரும் பத்து வயதுச் சிறுவனை வாயிற்காவலர் தடுக்க முடியாது. குழந்தையின் அருகில் பெற்றோர் இருப்பர் என்னும் முற்கோளின்மேல் சட்டம் நிற்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இம்முற்கோள் தளர்கிறது. வெள்ளிமலையைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினருள் பலர் கூலிவேலைக்காக வெளிமாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் பெயர்கின்றனர். பிள்ளைகள் பாட்டனார் வீட்டிலோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ தங்குகின்றனர். திரையரங்கிற்கு மலையிறங்க வேண்டும், கைப்பேசிக்கு அவ்வாறில்லை. 2021ஆம் ஆண்டு விதிகள் இணையவழித் தளங்களுக்கு இதே அகவைப் பகுப்புகளையும், 13+ முதலான படங்களுக்குப் பெற்றோர் பூட்டையும், உள்ளடக்கக் குறிப்பையும் கட்டாயமாக்கியுள்ளன. ஆயினும் குடும்பத்தார் அனைவரும் பகிரும் ஒற்றைக் கைப்பேசியில், பூட்டின் எண்ணை அறிந்தவர் பெரும்பாலும் வீட்டின் மூத்த சிறுவரே.

‘பாதுகாவலர்’ என்னும் சட்டச்சொல்லை இங்குப் பாட்டியும் விடுதிக் காப்பாளரும் சுமக்கின்றனர். ‘13+’ என்னும் எண், அப்படத்தில் வெட்டப்படுவது மனிதனா எந்திரமா, அவ்வெட்டைக் கதை கொண்டாடுகிறதா கண்டிக்கிறதா என்பதை அவர்களுக்குக் கூறுவதில்லை. படம் தொடங்குமுன் தமிழில் ஒலிக்கும் இரு வரி உள்ளடக்கக் குறிப்பு, எழுதப் படிக்க அறியாத பாட்டிக்கும் அதனைக் கூறும்.