மலையின் குற்றமா, மோட்டாரின் குற்றமா?

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி, இறம்பொடையை அண்டியதும் வளைந்து வளைந்து செல்கின்றது. இவ்விடத்தில் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று கரும்புகை கக்கி, மூச்சுத் திணறி, வளைவின் நடுவே நின்றுவிடுமாயின் அது சிறு தொல்லை அன்று. பின்னால் பஸ் வரலாம். காரினுள்ளே தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும் கர்ப்பிணிப் பெண் இருக்கலாம்.

“மலை ஏற்றம், பழைய வண்டி அப்படித்தான்” என்று அமைதி கொள்வோர் பலர். அக்கூற்றிற் பாதி உண்மை. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்களவே. காற்று மெலியும் அளவுக்குக் காபரேற்றர் பெற்றோலைக் குறைப்பதில்லை. ஆதலின் கலவையிற் பெற்றோல் மிகுகின்றது, வலு குன்றுகின்றது, புகைக்கரி படிகின்றது. இது மலையின் குற்றம்.

மற்றப் பாதி மோட்டாரின் குற்றம். காபரேற்றரில் உண்டாகும் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுவது ‘மெனிபோல்ட்’ என வழங்கும் கிளைக்குழாய். 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் உள்வாயில்கள் இரண்டே; முதலிரண்டு சிலிண்டர்கள் ஒன்றையும், பின்னிரண்டு மற்றொன்றையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கிளை ஒடுங்கினால் ஒரு சோடி முழுவதும் நலியும். ஆயினும் பெருங்கிளை முற்றாக அடைபடுவது அரிது. சிறு துளைகளே முதலில் அடைபடுகின்றன. பின்னாளைய எஞ்சின்களில், அடிப்பாகத்து எண்ணெய் ஆவியை மெனிபோல்ட்டுக்குக் கொண்டுவரும் வழி ஒன்றுண்டு. எண்ணெயும் கரியும் இறுகி அவ்வழி அடைபட்டால், உள்ளே அழுத்தம் பெருகி எஞ்சினின் மூட்டுகளில் எண்ணெய் கசியும்.

இரு குற்றங்களையும் வேறுபடுத்துவது எளிது. மலையின் குற்றம் நான்கு சிலிண்டர்களுக்கும் பொது. கம்பளைக்கு இறங்கினாற் பெரும்பாலும் நீங்கும். அடைப்போ எங்கே இறங்கினாலும் நீங்காது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, காப்பிட்ட இடுக்கியால் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். கழற்றியும் ஓட்டம் தளராவிடில் அச்சிலிண்டர் உழைக்கவில்லை என்பது பொருள். அவ்வாறு ஒரே வாயிலுக்குரிய சோடி சோர்ந்திருந்து, பிளக்கும் அமுக்கமும் வால்வும் சரியென்று கண்ட பின்னரே மெனிபோல்ட்டின்மீது ஐயம் கொள்ளலாம்.

அதனை எஞ்சினிலேயே விட்டுச் சுரண்டுவது தவறு. உதிரும் கரித்துண்டு வால்வின் கீழ் அகப்பட்டால் புதிய பழுது விளையும். எஞ்சின் நன்கு ஆறிய பின் காபரேற்றரையும் மெனிபோல்ட்டையும் கழற்றி, வாயில்களைத் துணியால் மூடி, எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளல் நன்று. கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மரக்குச்சியாலும் தூரிகையாலும் அகற்றலாம். நெருப்பும் பெற்றோலும் அருகிலேயே வேண்டா. அலுமினியப் பாகமாயின் எரிசோடா அதனை அரித்துவிடும். சிறு துளைகளில் மெல்லிய கம்பியை நுழைத்து, மறுபுறம் வெளிவருவதைக் கண்டபின் காற்றடித்தல் வேண்டும். மீண்டும் பூட்டுங்கால் புதிய கேஸ்கெட் இட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக முறுக்குதல் முறை. அங்கே காற்றுக் கசிந்தால் கலவை மெலிந்து, வால்வு கருகவும் கூடும்.

எனினும் கரியை அகற்றுவது பாதி வேலையே. கரி எங்கிருந்து வந்தது என்று கேளாதவர் சில மாதங்களில் மீண்டும் அதையே சுரண்ட நேரும். அழுக்கேறிய காற்று வடிகட்டி, முழுதும் திரும்பாத சோக், தேய்ந்த பிஸ்டன் வளையம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும். மலையில் ஓடும் காருக்குக் காபரேற்றரை மலைக்கேற்பவும், அது நெடுநாள் கொழும்பில் ஓடுமாயின் மீண்டும் தாழ்நிலத்துக்கேற்பவும் திருத்துவதே முறை.

மலையின் மெலிந்த காற்றை எவராலும் மாற்ற இயலாது. காரின் மூச்சுவழியைத் திறந்துவைக்க இயலும். மலைமீது முழுப்பழியையும் சுமத்தாத சாரதி, இறம்பொடை வளைவில் நடுவழியில் நிற்க நேராது.