பூமி அதிர்ந்தால் கிணறு ஏன் கலங்குகிறது?

கிணற்றை நாம் ஒரு தொட்டியைப் போல நினைத்துவிடுகிறோம். இறைத்தால் குறையும், விட்டுவைத்தால் ஊறும். அதற்கு மேல் யோசிப்பதில்லை. உண்மையில் மணலின் இடுக்குகளிலும் பாறை வெடிப்புகளிலும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் நீரை எட்டிப் பார்ப்பதற்கு நாம் தோண்டிய சாளரமே கிணறு. பூமியின் ஓடு அசைந்தால் அந்த நீரும் அசையத்தான் செய்யும்.

1964 மார்ச் 27இல் அலாஸ்காவில் 9.2 அளவான பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், அமெரிக்காவின் மறுகோடியான புளோரிடாவிலும் கிணற்று நீர் ஏறி இறங்கியது. மனிதர் உணராத அதிர்வைக் கிணறு உணர்ந்தது.

காரணம் எளிது. ஈரத் துணியைப் பிழிந்தால் நீர் வெளியே வரும்; அதுபோல நிலம் நெருக்கப்படும் இடத்தில் கிணற்று மட்டம் உயரும், விரியும் இடத்தில் தாழும். பாறை வெடித்தால் நீருக்குப் புதுவழி திறக்கும். இடுக்குகளில் படிந்திருந்த நுண்களி குலுங்கிக் கழன்று நீரைக் கலக்கும். மண்ணால் நிறம் மாறிய நீரில் உளூச் செய்யலாம் என்பது மத்ரஸா மாணவர் ஆரம்பத்திலேயே படிக்கும் பாடம். குடிக்கலாமா என்பது வேறு கேள்வி. அதிர்ச்சியில் மலசலகூடக் குழிகளும் வெடித்திருக்கலாம். ஆதலால் தெளியவைத்து, கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

யப்பானின் குமமோட்டோ நகரில் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் குடிப்பது நிலத்தடி நீரையே. 2016 ஏப்ரல் 14இலும் 16இலும் அங்கே நிலம் அதிர்ந்தது. நீர்வழங்கல் கிணறுகள் கலங்கின, குழாய்கள் நின்றன. ஊற்று நீரால் நிறைந்திருந்த சுயிசென்ஜி பூங்காவின் குளம் வற்றி அடித்தரை தெரிந்தது. புதிதாகத் திறந்த வெடிப்புகளினூடாக நீர் ஆழத்துக்கு இறங்கிவிட்டது என ஆய்வாளர் கண்டனர். பின்னர் மலைப் பக்கத்திலிருந்து விடுபட்ட நீர் வந்து சேர, வேறு சில இடங்களில் மட்டம் முன்னிருந்ததிலும் உயர்ந்தது. குளமும் மீண்டும் நிறைந்தது.

நீரின் சேர்மானமும் மாறுவதுண்டு. 1995 ஜனவரி 17இல் கோபே நகர் அதிர்ந்த பின், அப்பகுதிக் கிணறுகளிலிருந்து போத்தலில் அடைத்து விற்ற குடிநீரைச் சோதித்தார்கள். போத்தல்களில் திகதி இருந்ததால், 1994 ஓகஸ்ட் முதலே குளோரைட்டு உப்புக் கூடிவந்தது தெரிந்தது. ஆனால் இதை வைத்து அதிர்ச்சியை முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை எவராலும் முடியவில்லை.

இலங்கை பூமித்தட்டுகளின் விளிம்பில் இல்லை. ஆயினும் 2004 டிசம்பர் 26இல் சுமாத்திரா அருகே கடலடியில் தட்டு நழுவியபோது நமது கிணறுகளும் கெட்டன. இங்கே கெடுத்தது அதிர்வு அன்று, அது எழுப்பிய கடல். மருதமுனை, சாய்ந்தமருது போன்ற கரையூர்களில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நாம் குடிப்பது அந்தப் படையைத்தான். சுனாமி அதன்மேல் கடல்நீரையும் சேற்றையும் கொட்டியது.

கிணற்றைச் சுத்தமாக்க எல்லோரும் செய்தது மோட்டார் வைத்து இறைத்ததே. நல்லெண்ணத்தோடு உதவ வந்தவர்களும் அதையே திரும்பத் திரும்பச் செய்தனர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் மேலேயுள்ள நன்னீர் தீர்ந்து, அடியிலுள்ள உப்பு நீர் மேலேறிவரும். பல கிணறுகளுக்கு அந்தக் கதி நேர்ந்தது. சேற்றை அள்ளி, அளவாக இறைத்து, பிறகு விட்டுவைப்பதே சரியான முறை. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கொதிக்கவைத்தாலோ நீர் ஆவியாகும், உப்பு மிஞ்சும்.

அந்த உப்பைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான். சில இடங்களில் அதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் சென்றது. அதுவரை பவுசர் வரும் நேரம் பார்த்துக் கேன்களோடு தெருவில் வரிசையாக நின்றவர்கள் பெரும்பாலும் பெண்களே.