கிராம வைத்தியர் வீடு

உலகை உய்வித்த கண்டுபிடிப்புகள் யாவும் பெருநகரத்து ஆய்வுக்கூடங்களிலேயே பிறந்தவை என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று என்கிறது ஒரு வீடு. இங்கிலாந்தில், கிளஸ்டர்ஷயர் பகுதியில், பார்க்லி என்னும் சிற்றூரில், மாதா கோயிலை அடுத்து நிற்கும் அவ்வீட்டின் பெயர் சாண்ட்ரி. 1785-இல் அதை வாங்கியவர் எட்வர்ட் ஜென்னர்.

அவ்வூரிலேயே 1749-இல் பிறந்த ஜென்னர், லண்டனில் ஜான் ஹண்டர் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். தலைநகரிலேயே தங்கிப் பொருளீட்ட எண்ணாமல், பிறந்த ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்தார்.

பசுவம்மை கண்ட பால்காரிக்குப் பெரியம்மை வாராது என்பது அந்நாட்டுப்புறத்தார் பேச்சு. ஜென்னர் அதற்குச் செவி சாய்த்தார். 1796 மே 14-ஆம் நாள், சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரியின் கைக்கொப்புளத்து நீரை, தம் தோட்டக்காரரின் மகனான ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவன் கையிற் கீறி ஏற்றினார். ஜூலையில் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார், நோய் காணவில்லை.

ஏழைச் சிறுவனைச் சோதனைக்கு உள்ளாக்கியது முறையா? பெரியம்மைச் சீழை ஏற்றுவது அந்நாளில் வழக்கிலிருந்த தடுப்பு முறையே. ஆயினும் இன்றைய மருத்துவ நெறி இச்சோதனையை ஒப்பாது. ஜென்னரும் அச்சிறுவனை மறந்தாரல்லர். பிற்காலத்தில் வாடகையின்றி ஒரு குடிசை வீட்டை அவனுக்கு அளித்தார்.

சாண்ட்ரித் தோட்டத்தில் மரக்கட்டையாலும் பட்டையாலும் ஆன சிறு குடில் ஒன்று உண்டு. ஏழைகளுக்கு அங்கே காசு வாங்காமல் அம்மை குத்தினார் ஜென்னர். 'பசுவம்மைக் கோயில்' என்று அதற்குப் பெயருமிட்டார்.

அவர் கண்ட முறை நம் நாட்டையும் விரைவில் எட்டியது. பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்த அம்மைப்பால், 1802 ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதலாகக் குத்தப்பட்டது. நம் பாட்டிமார் அஞ்சி நடுங்கிய வைசூரி இந்தியாவில் 1975-இல் ஓய்ந்தது. உலகிலிருந்தே ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டது.

ஜென்னர் 1823-இல் அவ்வீட்டிலேயே உயிர் நீத்தார். பின்னர்ப் பாதிரியார் இல்லமாயிருந்த சாண்ட்ரி, 1985-இல் அருங்காட்சியகம் ஆயிற்று.

நண்பர்களே! பட்டம் பெற்று ஊர் திரும்பும் நாம், அங்குள்ள எளியோர் சொல்லை ஏளனம் செய்யாமல் கேட்போமா? கேட்டதை அப்படியே நம்பிவிடாமல் ஆராய்வோமா? அவ்விரண்டையும் செய்தவர் வாழ்ந்த வீடு அது.