குழந்தையின் முதுகில் நீலத் திட்டு: யாரும் அடிக்கவில்லை

பிறந்த குழந்தையைப் பார்க்க வருவோர் முதலில் யார் சாயல் என்று முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்து, உடம்பில் மச்சம், தழும்பு ஏதேனும் இருக்கிறதா என்று தேடுவார்கள். சிவப்பாக ஏதாவது கண்ணில் பட்டால், "மாசமா இருந்தப்ப கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?" என்ற கேள்வி தாயிடம் வரும். பத்து மாதம் சுமந்தவள் பதில் சொல்லித் தீர வேண்டும். தாதிமைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு, குழந்தைநலப் பாடத்தில் இந்தப் பகுதி வந்தபோது, இதை நம் வீடுகளுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் உறவினர் வீட்டில், ஐந்து மாதக் குழந்தைக்கு உடை மாற்றிய பெரியம்மா ஒருவர், இடுப்புக்குக் கீழே சாம்பல் கலந்த நீலத் திட்டு ஒன்றைப் பார்த்துப் பதறிவிட்டார். குழந்தையின் அம்மா வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பகலில் பார்த்துக்கொண்டவர் இந்தோனீசியப் பணிப்பெண். அவர்தான் கிள்ளியிருப்பார், அடித்திருப்பார் என்று பேச்சு போனது. குழந்தையின் அப்பாவும் நம்பிவிட்டார். (டயப்பர் மாற்றியே பழக்கமில்லாத அப்பாக்கள் கவனிக்க.) முகவரை அழைத்து வேறு ஆள் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. மாலையில் வீடு திரும்பிய அம்மா, சுகாதாரக் கையேட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். பிறந்த மறுநாளே மருத்துவர் அந்தத் திட்டை அதில் குறித்து வைத்திருந்தார். பணிப்பெண்ணின் வேலை பிழைத்தது. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்தத் திட்டு ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளில் மிகப் பலருக்கு உண்டு. கரு வளரும்போது, மெலனின் நிறமியைத் தயாரிக்கும் உயிரணுக்கள் தோலின் மேலடுக்கை நோக்கி நகர்கின்றன. சில, ஆழமான அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. நிறமி என்னவோ கரும்பழுப்புதான். ஆழத்தில் இருப்பதால் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது. பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மங்கிவிடும்.

ஜப்பானில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ஸ் 1885ல் இதற்கு 'மங்கோலியத் திட்டு' என்று பெயர் வைத்தார். ஓர் இனத்தின் பெயரைச் சுமத்துவது சரியல்ல என்று இப்போது பலர் அதைத் தவிர்க்கிறார்கள். கொரியாவில், குழந்தையைச் சீக்கிரம் வெளியே போகச் சொல்லிப் பிறப்பின் தெய்வப் பாட்டி தட்டியதால் வந்த நீலம் என்பார்கள். ஜப்பானில் அனுபவம் இல்லாத இளைஞனை 'இன்னும் பின்புறம் நீலம்' என்று கேலி செய்வதுண்டு. கிரகணக் கேள்வியைவிட இந்தக் கதைகள் எவ்வளவோ மேல். தாயை யாரும் குற்றம் சொல்வதில்லை.

அடிபட்ட காயத்தை எப்படி வேறுபடுத்துவது? காயம் சில நாள்களிலேயே பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். தொட்டால் குழந்தை அழும். பிறவித் திட்டு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், வலிக்காது. கையேட்டில் குறிப்பு இல்லையென்றால், அடுத்த தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் செல்லும்போது காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறந்த இரண்டு மூன்று நாளில் வரும் சிவப்புப் புள்ளிகள், மூக்கின் மேல் அரிசிக் குருணைபோல் தெரியும் வெள்ளைப் பொட்டுகள் எல்லாம் தானாகவே போய்விடும். மஞ்சளும் வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம். இமையிலும் நெற்றியிலும் உள்ள இளஞ்சிவப்புத் திட்டு ஓரிரு ஆண்டில் மங்கும். பின்கழுத்தில் இருப்பது நிலைத்தாலும் முடி மறைத்துவிடும்.

'தானாகப் போய்விடும்' என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. பிறந்த சில வாரங்களில் ஸ்ட்ராபெரி பழம்போல் சிவந்து புடைக்கும் இரத்தக் குழாய்க் கட்டி, முதல் சில மாதங்களில் வேகமாக வளரும். பிறகு சில ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும். பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை தேவையில்லை. ஆனால் கண்ணருகே இருந்தால் பார்வையைக் கெடுக்கலாம்; உதட்டில் இருந்தால் புண்ணாகலாம்; தாடைப் பகுதியில் பரவியிருந்தால் மூச்சுக்குழாயிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோலில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரலையும் ஸ்கேன் செய்வார்கள்.

இதற்கான மருந்து தற்செயலாகக் கிடைத்தது. பிரான்சின் போர்டோ நகரில், மூக்கில் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறுக்காகப் புரோப்ரனோலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் சிவப்பு மாறி மென்மையானது. தோல் மருத்துவர் கிறிஸ்டீன் லியோத்தே-லாப்ரெஸ் குழுவினர் 2008ல் இதை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் இதுவே முதல் மருந்து. கட்டி வளரும் மாதங்களில் தொடங்கினால்தான் நல்ல பலன். 'ஒரு வயது ஆகட்டும், பார்ப்போம்' என்று காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும்.

முகத்தில் கருஞ்சிவப்பாகத் தட்டையாக இருக்கும் திராட்சை மது நிறத் தழும்பு மங்குவதே இல்லை. சோவியத் தலைவர் கோர்பசேவின் தலையில் இருந்தது இதுதான். நெற்றியிலோ இமையிலோ இருந்தால் கண்ணையும் மூளையையும் பரிசோதிப்பது அவசியம். லேசர் சிகிச்சையையும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கலாம்.

சந்தேகமான கட்டி எதுவானாலும், வாரம் ஒருமுறை அருகில் அடிக்கோல் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வளர்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.