எலிக்கு வராத எலி நோய்

1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கே, நான்கு மாநிலங்கள் கூடும் வறண்ட நிலத்தில், திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். கொன்றது ‘சின் நோம்ப்ரே’ என்ற ஹாண்டா வைரஸ். அதைச் சுமந்து திரிந்தது மான் எலி என்னும் சிறு காட்டெலி. அதன் சிறுநீரிலும் எச்சத்திலும் வைரஸ் வெளியேறும். எலியோ சுகமாக ஓடியாடும்.

ஆய்வாளர்களுக்கு இதுவே பெரும் சிக்கல். மருந்தைச் சோதிக்க, மனிதருக்கு வரும் நோய் அப்படியே வரும் ஆய்வக விலங்கு வேண்டும். அதற்கு ‘விலங்கு மாதிரி’ என்று பெயர். வைரஸ் பல விலங்குகளில் குடியேறும். நோயாக வெடிப்பதுதான் அரிது.

2001-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வழி பிறந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் ஹாண்டா வைரஸைச் சிரிய ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்குக்குச் செலுத்தினார்கள். (1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே தோண்டியெடுத்த ஒரு தாயும் அதன் குட்டிகளுமே இன்றைய ஆய்வக ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையர்!) ஏறக்குறைய ஒன்றரை வாரத்தில் ஹாம்ஸ்டரின் நுரையீரலின் நுண்குழாய்கள் புது மண்பானைபோல் கசிந்தன, மார்புக்குள் நீர் கோத்தது. மனிதருக்கு நேர்வதும் இதேதான். குழாய்ச் சுவரின் செல்களை வைரஸ் சிதைப்பதில்லை என்பதுதான் வியப்பு. சுவர் இடியாமலே கசிகிறது.

அப்படியானால் கசியவைப்பது யார்? வைரஸை வேட்டையாடும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் மீது பலருக்கும் சந்தேகம். அவற்றை ஹாம்ஸ்டரின் உடலிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் அதே நோய், அதே மரணம்! ஹாம்ஸ்டரைப் பொறுத்தவரை குற்றவாளி அவை அல்ல.

சின் நோம்ப்ரே மட்டும் மசியவில்லை. ஹாம்ஸ்டரின் நோய் எதிர்ப்பை மருந்தால் அடக்கினால்தான் அது நோயைத் தந்தது. குரங்குகளிலும் முதலில் தோல்விதான். மொன்டானா மாநில ஆய்வாளர்கள் வைரஸ் வளர்ந்த இடத்தைக் கவனித்தார்கள். வழக்கமாக அதைக் கண்ணாடிக் குடுவையில், குரங்குச் சிறுநீரகச் செல்களில் வளர்ப்பார்கள். இவர்களோ மான் எலியிலிருந்து மான் எலிக்கு மட்டுமே கடத்தி வந்த வைரஸை எடுத்து ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். மனித நோய் அப்படியே வந்தது. 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். குடுவை வாழ்க்கையில் மழுங்கிய வீரியத்தை, நோயே காணாத அந்த எலி கட்டிக்காத்திருந்தது.

இத்தனை பாடும் வீணாகவில்லை. ஆண்டிஸ் வைரஸுக்கு எதிராகத் தடுப்பூசி போட்ட ரீசஸ் குரங்குகளின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதம் நிறைந்த சீரத்தைப் பிரித்தார்கள். தொற்று ஏறி நான்கைந்து நாள் கழித்து அதைச் செலுத்தியபோதும் ஹாம்ஸ்டர்கள் பிழைத்தன.