பழைய லெப்டொப் கடை வலையமைப்பில் சேர மறுக்கிறதா?

முன்பக்கம் பில் போடும் கணினி, பின்பக்கக் களஞ்சியத்தில் இருப்புப் பதியும் பழைய லெப்டொப், இரண்டையும் இணைக்க ஒரு ரவுட்டர். எமது வியாபாரிகள் பலரின் கடைகளில் உள்ள ஏற்பாடு இதுதான். ஒருநாள் காலையில் லெப்டொப்பிலிருந்து கணக்குக் கோப்பைத் திறக்க முடியாமற் போகும். உடனே இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுப்போம். அது வீண் அலைச்சல். கடைக்குள் இரு கணினிகள் தொடர்புகொள்ள இணையம் தேவையில்லை, ரவுட்டர் இயங்கினால் போதும்.

அதைவிடப் பெரிய தவறு, திருத்துபவர் சொன்னார் என்பதற்காக லெப்டொப்பைப் 'போர்மட்' செய்ய விடுவது. வலையமைப்புக் கோளாறுக்கு அது தேவைப்படுவது மிக அரிது. பிரதி எடுத்து வைக்காத கடன் கணக்கு அதோடு அழிந்தால், யார் எவ்வளவு தரவேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே எதற்கும் முன்னர் கோப்புகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேபிளைப் பாருங்கள். அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் கொளுவி உடைந்திருந்தால் செருகியது போலத் தெரியும், தொடுகை இராது. ரவுட்டரில் அந்த இடத்து விளக்கு எரியாவிட்டால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். வயர்லெஸ் என்றால், பழைய லெப்டொப்களின் ஓரத்தில் அதற்கென ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். சாமான் ஏற்றி இறக்கும்போது அது தட்டுப்பட்டு அணைந்திருக்கலாம். புதிய ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கினால் பழைய லெப்டொப் பலவற்றின் கண்ணுக்கே அது தெரியாது, 2.4 கிகாஹேர்ட்ஸையும் திறந்துவிட வேண்டும்.

இவையெல்லாம் சரியென்றால் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 169.254 என ஆரம்பித்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் லெப்டொப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டுள்ளது என்று அர்த்தம். ரவுட்டரை அணைத்துப் போட்டால் அநேகமாகச் சரியாகும். முன்பு யாரோ முகவரியைக் கையால் பதிந்திருந்தால் வேறு சிக்கல் வரும். பிறகு பூட்டிய சீ.சீ.டீ.வி. பெட்டிக்கும் அதே முகவரி கிடைத்து இரண்டும் மோதிக்கொள்ளும். முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றிவிடுங்கள்.

ரவுட்டரை மாற்றிய பின்னர்தான் கோளாறு என்றால், விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பாகக் கருதி 'பப்ளிக்' என்று குறித்திருக்கும். அப்போது மற்றக் கணினிகளுக்கு உங்கள் கணினி தெரியாது. இரு கணினிகளிலும் 'பிரைவேட்' என மாற்றினால் தெரியும்.

லெப்டொப்பில் உள்ளது விண்டோஸ் எக்ஸ்பி எனில் கதை வேறு. அது கோப்பு பகிர்வதற்குப் பயன்படுத்தும் பழைய முறையை, 2017 இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவப்படும் கணினிகளில் மைக்ரோசொப்ட் சேர்ப்பதில்லை. அதே ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய 'வன்னாகிரை' வைரஸ் நுழைந்தது அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான். அதைத் திரும்ப இயக்கித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அந்த லெப்டொப்பைத் தனியே வைத்து, கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோவதே மேல்.